ஏழாம் கேள்வி

அசுன்சியோனில் நவம்பர்.
தகரக் கூரையில் மாங்காய் விழும் மாதம்.
மின்சாரம் போய் ஒரு மணி நேரம்.
ஒரு கையில் பனிக்கட்டி மிதக்கும் தெரெரே,
மறு கையில் சிவப்புப் பேனா.
முதலாண்டு விடைத்தாள்கள்:
பன்னாட்டுப் பொதுச் சட்டம், ஓர் அறிமுகம்.
நாற்பத்து மூன்று பேர்.

நாடு என்றால் என்ன, முதல் கேள்வி.
நிலம், மக்கள், அரசு,
பிற நாடுகளோடு உறவாடும் திறன்.
நான்கும் கைகோத்துக்கொண்டு
தாளுக்குத் தாள் வருகின்றன.
ஒருத்தி மட்டும் மக்களை மறந்துவிட்டாள்.
கால் மதிப்பெண் குறைத்தேன்,
அவ்வளவுதான் குறைப்பது வழக்கம்.

ஏழாவது நானே எழுதிய கேள்வி:
ஏ நாட்டுக்கும் பி நாட்டுக்கும்
நடுவே ஓடும் ஆறுதான் எல்லை.
ஆறு இடம் மாறினால் எல்லை என்னாகும்?
வேண்டிய விடை நான்கே வரி.
மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தால்
எல்லையும் கூடவே நகரும்.
ஒரே பாய்ச்சலில் புது வழி பிடித்தால்
எல்லை பழைய மணலிலேயே படுத்துக் கிடக்கும்.
எடுத்துக்காட்டுக்கு ஒரு மதிப்பெண் தனி.

இருபத்தேழாம் தாள்.
எவாரிஸ்தோ ரோலோன்.
கடைசி வரிசைப் பையன்,
காலணியில் எப்போதும் சாக்கோப் புழுதி.
எழுதுகிறான்:

"தோக்தோரா,
பில்கொமாயோ எங்கள் வேலியைத் தாண்டியது
பசு கன்று ஈன்ற இரவில்.
விடிந்து பார்த்தால் பசு இந்தப் பக்கம்.
கன்றும், கொட்டகையில் தூங்கிய சித்தப்பாவும்
அந்தப் பக்கம்.
இது பாய்ச்சல். எல்லை பழைய இடத்தில். சரி.
ஆனால் ஆறு அந்த வேலியை
ஒன்பது வருடமாக மோந்துகொண்டிருந்தது
என்கிறாள் அம்மா.
ஒன்பது வருடத்தைக் கணக்கில் எடுப்பதா,
ஓர் இரவையா?
கன்றுக்கு அந்த ஓர் இரவுதான் முழு வயது.

ஓட்டிவரப் போனோம்.
அந்தப் பக்கத்துச் சுங்கச் சாவடியில்
சித்தப்பாவிடம் படிவம் நீட்டினார்கள்.
தடுப்பூசி: இல்லை.
நிறம்: செவலை.
பிறந்த நாடு என்ற கட்டத்தில்
அவர் எழுதினார்: ஆறு.
முத்திரை விழவில்லை.

உடன்படிக்கை, வழக்காறு, பொதுக் கோட்பாடுகள்
மூன்றும் எனக்கு மனப்பாடம்.
கன்றுக்கு எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.
ஏ நாட்டில் யார் இருக்கிறார்கள்,
பி நாட்டில் யார் என்பதும்
கேள்வியில் இல்லை.
ஆகையால் இந்த விடை முழுமையற்றது."

பேனா அந்தரத்தில் நிற்கிறது.

பத்தொன்பது வருடமாக
இந்த ஏயையும் பியையும்
வகுப்புக்குக் கூட்டிவருகிறேன்.
இருவருக்கும் வயல் கிடையாது, பல்வலி கிடையாது.
தீவுக்குச் சண்டை போடுவார்கள்,
தூதரைத் திருப்பி அனுப்புவார்கள்,
மணியடித்ததும் சுண்ணாம்புத் தூளாகி
என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு
வீடுவரை வருவார்கள்.

ஹேக் நகரத்துக்கு ஒரு கோடையில் போயிருந்தேன்,
ஆறு வாரப் பயிற்சி.
அங்கே ஆறுகளுக்குக் கரை கட்டியிருந்தார்கள்.
ஒன்றுகூட வேலியை மோந்து பார்க்கவில்லை.
வாத்துகள் மட்டும்
எவர் அனுமதியுமின்றிக் குறுக்கே போயின.
அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

சரி, மதிப்பெண்.
வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறான்: நான்கு.
எடுத்துக்காட்டு: ஒன்று.
முடிவுரை இல்லை: பூஜ்யம்.
என் கேள்வியில் ஆள் இல்லை என்று
கண்டுபிடித்ததற்கு
விதிப்பட்டியலில் இடமே இல்லை.
அதற்கும் ஒன்று போட்டேன்.
மறுமதிப்பீட்டுக் குழு கேட்டால்
ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

ஓரத்தில், சின்ன எழுத்தில்,
'கன்று இப்போது எங்கே?' என்று எழுதி
உடனே அடித்தேன்.
திருத்துபவர் கேள்வி கேட்கக் கூடாது.
அடித்த பிறகும் படிக்க முடிகிறது.

எண்ணால் ஒரு முறை,
எழுத்தால் ஒரு முறை,
இரண்டு கட்டங்களையும் நிரப்ப வேண்டும்.
நிரப்பினேன்.
6.
ஆறு.

மின்விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது.
தாள்கள் பறக்காமல் இருக்க
மேலே ஒரு மாங்காயை வைக்கிறேன்.
இருபத்தெட்டாம் தாளில்
எல்லை பத்திரமாக இருக்கிறது.